காலிக் கட்டங்கள்

1849ஆம் ஆண்டு. சைபீரியாவில் உள்ள தோபோல்ஸ்க் என்னும் ஊரிலிருந்து, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த தாய் ஒருவர் மாஸ்கோவை நோக்கிப் புறப்பட்டார். கணவரை இழந்தவர். அவருடன் ஒரு மகளும், பிள்ளைகளில் எல்லாருக்கும் இளையவனான மகனும் வந்தனர். இடைப்பட்ட தொலைவு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். அந்தத் தடத்தில் அப்போது இரயில் கிடையாது. குதிரை வண்டியில்தான் போக வேண்டும். அவ்வளவு நீண்ட பயணத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. கடைசி மகனை எப்படியாவது பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று அந்தத் தாய் முடிவு செய்திருந்தார்.

அந்தத் தாயின் பெயர் மரியா. மகனின் பெயர் திமித்ரி மெண்டலீவ். இன்று உலகெங்கும் பள்ளி அறிவியல் கூடங்களின் சுவர்களில் தொங்கும் தனிம அட்டவணைக்கு அடித்தளம் இட்டவர் அவர்.

மெண்டலீவ் 1834ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் பிறந்தார். தந்தை இவான், தோபோல்ஸ்க் உயர்நிலைப் பள்ளியின் தலைவராக இருந்தார். மகன் பிறந்த அதே ஆண்டில் அவருடைய கண்பார்வை பறிபோனது. வேலையும் போனது. கிடைத்த சிறிய ஓய்வூதியம் அந்தப் பெரிய குடும்பத்துக்கு ஒரு மூலைக்கும் போதவில்லை. மரியா தயங்கி நிற்கவில்லை. தம் பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று அருகில் இருந்த சிற்றூரில் நலிந்து கிடந்தது. அதை ஏற்று நடத்தத் தொடங்கினார். மணலும் சாம்பலும் உலையில் உருகிக் கண்ணாடியாக மாறுவதைச் சிறுவன் திமித்ரி பக்கத்தில் நின்று பார்த்தான். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறும் விந்தையை அவன் பாடநூலில் படிப்பதற்கு முன்பே உலைக்களத்தில் கண்டுவிட்டான்.

பள்ளியில் அவனுக்குக் கணக்கும் இயற்பியலும் கரும்பு. இலத்தீன் மொழியோ வேப்பங்காய். 1847இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே கண்ணாடித் தொழிற்சாலை தீக்கிரையானது. இருந்த ஒரே வருமானமும் நின்றது. பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படித்தான் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் பதினைந்து வயது மகனை ஏதாவது ஒரு வேலையில் சேர்த்திருப்பார்கள். மரியாவோ மிச்சமிருந்த பணத்தைத் திரட்டிக்கொண்டு வண்டி ஏறினார்.

மாஸ்கோ கைவிட்டது. சைபீரியாவிலிருந்து வந்த மாணவனுக்கு அங்குள்ள பல்கலைக்கழகம் இடம் தரவில்லை. அவன் எந்தக் கல்வி வட்டாரத்தைச் சேர்ந்தவனோ அங்கேதான் படிக்க வேண்டும் என்பது விதிமுறை. மரியா திரும்பிப் போகவில்லை. அடுத்து, நாட்டின் தலைநகரான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பயணமானார். கணவர் இவான் முன்பு படித்த ஆசிரியர் கல்லூரி அங்கே இருந்தது. 1850ஆம் ஆண்டில் மகனுக்கு அங்கே அரசு உதவியுடன் இடம் கிடைத்தது. அதே ஆண்டில் மரியா இறந்துபோனார். மகன் பட்டம் பெற்றதைக்கூட அவர் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1887இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நூலை மெண்டலீவ் தம் தாயாருக்குக் காணிக்கையாக்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

கல்லூரியில் படிக்கும்போதே அவர் நோய்வாய்ப்பட்டார். காசநோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். எனினும் 1855இல் தங்கப் பதக்கத்துடன் தேறினார். உடல்நலத்துக்காக வெப்பமான தென்பகுதிக்குச் சென்று சிறிது காலம் ஆசிரியராக வேலை பார்த்தார். நலம் பெற்றுத் தலைநகருக்குத் திரும்பினார். பிறகு மேற்படிப்புக்காக ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகருக்கு அனுப்பப்பட்டார்.

அங்கிருந்தபோதுதான் அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1860ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கார்ல்ஸ்ருகே நகரில் வேதியியல் அறிஞர்களின் மாநாடு கூடியது. அன்றைய வேதியியலில் பெருங்குழப்பம் ஒன்று நிலவியது. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று கொண்டால் ஆக்சிஜன் அணுவின் எடை எவ்வளவு? சிலர் 8 என்றனர். சிலர் 16 என்றனர். தண்ணீரில் ஓர் ஆக்சிஜன் அணுவுடன் ஒரு ஹைட்ரஜன் அணு சேர்ந்திருக்கிறதா, இரண்டு சேர்ந்திருக்கின்றனவா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. ஒரே பொருளை ஆளுக்கொரு வாய்பாட்டால் எழுதினார்கள். இத்தாலிய அறிஞர் கன்னிசாரோ, அணு எடைகளைச் சரியாகக் கணக்கிடும் வழியை அந்த மாநாட்டில் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இருபத்தாறு வயது மெண்டலீவும் ஒருவர். நம்பத்தக்க எண்கள் கையில் கிடைத்த பிறகுதான் அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்க முடியும். அளவுகோல் சரியாக இல்லாத கடையில் துணியை எப்படி அளப்பது?

தாய்நாடு திரும்பிய மெண்டலீவ் 1867இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்கு ஏற்ற நல்ல பாடநூல் ருஷ்ய மொழியில் இல்லை என்பதைக் கண்டு தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். தனிம அட்டவணை பிறந்தது ஆய்வுக்கூடத்தில் அன்று. ஒரு பாடநூலை எழுதும்போது ஏற்பட்ட சிக்கலில்தான்.

சிக்கல் இதுதான். அன்று அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63. தனிமம் என்பது வேதியியல் முறையில் அதைவிட எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாத பொருள். இரும்பு, செம்பு, பொன், கந்தகம், ஆக்சிஜன் ஆகியவை தனிமங்கள். தண்ணீரும் உப்பும் தனிமங்கள் அல்ல. இந்த 63 தனிமங்களையும் எந்த ஒழுங்கில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது? சில தனிமங்கள் குடும்பம் குடும்பமாக ஒத்துப்போவது முன்பே தெரிந்திருந்தது. லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகங்கள். மூன்றும் தண்ணீரில் பட்டால் வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். இவை கார உலோகங்கள். குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை வேறொரு குடும்பம். இவை உலோகங்களுடன் சேர்ந்து உப்புகளைத் தரும். சமையலறையில் உள்ள உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்ததுதான். ஆனால் ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் என்ன உறவு என்பது எவருக்கும் விளங்கவில்லை.

குளோரின் குடும்பத்தைப் பற்றி எழுதிய பிறகு அடுத்து எதை எழுதலாம் என்று மெண்டலீவ் எண்ணிப் பார்த்தார். ஒன்றுக்கொன்று சிறிதும் ஒவ்வாத இரு குடும்பங்களின் அணு எடைகளை அருகருகே வைத்தார். குளோரின் 35.5, பொட்டாசியம் 39. புரோமின் 80, ருபீடியம் 85. அயோடின் 127, சீசியம் 133. குணத்தில் எதிரும் புதிருமாக உள்ள இவை எடையில் அடுத்தடுத்து நின்றன. ஒருமுறை அன்று, மும்முறை. இதைத் தற்செயல் என்று தள்ள அவரால் முடியவில்லை.

1869ஆம் ஆண்டு, பழைய ருஷ்ய நாட்காட்டியின்படி பிப்ரவரி 17ஆம் நாள். அன்று அவர் ஊரில் இருக்க வேண்டியவரே அல்லர். பாலாடைக்கட்டி செய்யும் கூட்டுறவுப் பண்ணைகளைப் பார்வையிடுவதற்காக வெளியூர் செல்லவிருந்தார். அதன் தொடர்பாக வந்த கடிதம் ஒன்றின் பின்புறத்திலேயே தனிமங்களின் குறியீடுகளையும் எடைகளையும் கிறுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனி அட்டையில் எழுதி, சீட்டாடுபவரைப்போல மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. அவர் களைத்து உறங்கிவிட்டதாகவும், முழு அட்டவணையையும் கனவில் கண்டதாகவும் ஒரு கதை உண்டு. கேட்க இனிமையான கதைதான். ஆனால் அன்று அவர் எழுதிய தாள் இன்றும் இருக்கிறது. அடித்தலும் திருத்தலும் நிறைந்த அந்தத் தாள் கனவைவிட உழைப்பையே அதிகம் காட்டுகிறது. கனவு வந்திருந்தாலும், அதற்கு முன்னால் பல ஆண்டுகள் விழித்திருந்த மனத்தில்தான் அது வந்தது.

அவர் கண்ட ஒழுங்கைப் புரிந்துகொள்வது கடினம் அன்று. தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் எழுத வேண்டும். லித்தியம் 7, பெரிலியம் 9, போரான் 11, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, புளோரின் 19. அடுத்து வருவது சோடியம் 23. அது லித்தியத்தின் இயல்பை அப்படியே ஒத்திருக்கிறது. ஆகவே அதை லித்தியத்தோடு சேர்த்து வைத்து இன்னொரு வரிசையைத் தொடங்கலாம். மெக்னீசியம் பெரிலியத்தோடு சேரும். அலுமினியம் போரானோடு சேரும். சிலிக்கான் கார்பனோடு, பாஸ்பரஸ் நைட்ரஜனோடு, கந்தகம் ஆக்சிஜனோடு, குளோரின் புளோரினோடு சேரும். அடுத்து வரும் பொட்டாசியம் மீண்டும் லித்தியம், சோடியத்தின் குடும்பத்திலேயே வந்து நிற்கும். ஒரு தனிமத்தின் அணு மற்ற அணுக்களோடு சேரும் ஆற்றலுக்கு இணைதிறன் என்று பெயர். வரிசையில் செல்லச் செல்ல இணைதிறன் 1, 2, 3, 4 என ஏறி, பிறகு 3, 2, 1 என இறங்குகிறது. அடுத்த வரிசையிலும் அதே ஏற்ற இறக்கம். குறிப்பிட்ட இடைவெளியில் இயல்புகள் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதற்கு ஆவர்த்தன விதி என்று பெயர் ஏற்பட்டது.

இத்தகைய ஒழுங்கை முதலில் கண்டவர் மெண்டலீவ் ஒருவரே என்று சொல்வது நியாயம் ஆகாது. இங்கிலாந்தில் நியூலாண்ட்ஸ் என்பவர் 1865ஆம் ஆண்டிலேயே எட்டாவது தனிமம் முதல் தனிமத்தை ஒத்திருப்பதைக் கண்டு, அதை இசையின் எட்டுச் சுரங்களோடு ஒப்பிட்டார். அறிஞர் அவையில் அவருக்குக் கிடைத்தது ஏளனம்தான். தனிமங்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். ஜெர்மனியில் லோதர் மேயர் என்பவரும் ஏறக்குறைய மெண்டலீவின் அட்டவணையை ஒத்த ஒன்றை உருவாக்கியிருந்தார். பிற்காலத்தில் இலண்டன் அரச கழகம் டேவி பதக்கத்தை 1882இல் மெண்டலீவுக்கும் மேயருக்கும் சேர்த்தே வழங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து நியூலாண்ட்சுக்கும் அதே பதக்கம் கிடைத்தது.

அப்படியானால் மெண்டலீவின் பெயர் மட்டும் ஏன் நிலைத்தது? அவர் தம் அட்டவணையில் எழுதியவற்றைவிட எழுதாமல் விட்டவை அதற்கு முக்கியக் காரணம்.

துத்தநாகத்தின் அணு எடை 65. அன்று அறியப்பட்ட தனிமங்களில் அதற்கு அடுத்து வந்தது ஆர்செனிக், 75. வரிசையை இடைவெளி இல்லாமல் நிரப்பினால் ஆர்செனிக் அலுமினியத்தின் குடும்பத்தில் வந்து விழும். ஆனால் ஆர்செனிக்கின் இயல்புகள் பாஸ்பரசின் இயல்புகளைப் போன்றவை. அலுமினியத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மெண்டலீவ் ஆர்செனிக்கை இரண்டு இடம் தள்ளிப் பாஸ்பரசின் குடும்பத்தில் வைத்தார். நடுவில் இரண்டு கட்டங்கள் காலியாகின. வேறொருவராக இருந்தால் அட்டவணை பொருந்தவில்லை என்று கைவிட்டிருக்கலாம். அவரோ, அட்டவணை சரிதான், இந்தக் கட்டங்களுக்கு உரிய தனிமங்களைத்தான் மனிதர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று துணிந்தார்.

அத்துடன் நிற்கவில்லை. சில தனிமங்களுக்கு அறிஞர்கள் கணக்கிட்டிருந்த எடையே தவறு என்றார். பெரிலியத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வில் நேரடியாகக் கிடைத்த எண் ஏறத்தாழ 4.5. அதை இணைதிறனால் பெருக்கினால் அணு எடை கிடைக்கும். இணைதிறன் 3 என்று பலர் கருதியதால் 13.5 என்ற எடை வழங்கிவந்தது. அந்த எடையில் பெரிலியத்துக்கு அட்டவணையில் இடமே இல்லை. இணைதிறனை 2 என்று கொண்டால் எடை 9. லித்தியத்துக்கும் போரானுக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்தும். மெண்டலீவ் 9 என்றே எழுதினார். யுரேனியத்துக்கு வழங்கிவந்த 120 என்ற எடையை இரு மடங்காக்கி 240 என்றார். இரண்டும் பின்னர் சரியென்றே தெரிந்தன.

அந்த ஆண்டு மார்ச் மாதம் ருஷ்ய வேதியியல் கழகத்தில் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது. மெண்டலீவ் அங்கே இல்லாததால் மென்ஷுட்கின் என்ற சக அறிஞர் அவருக்காகப் படித்தார். பெரிய பரபரப்பு எதுவும் எழவில்லை. 1871இல் மெண்டலீவ் இன்னும் ஒரு படி முன்னே போனார். காலியாக இருந்த மூன்று கட்டங்களுக்கு உரிய தனிமங்களின் எடை, அடர்த்தி, அவை ஆக்சிஜனோடும் குளோரினோடும் சேர்ந்து உண்டாக்கும் சேர்மங்களின் தன்மை ஆகியவற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். அக்கம் பக்கத்துக் கட்டங்களில் இருந்த தனிமங்களின் எண்களைக் கொண்டு கணக்கிட்டே அவற்றைச் சொன்னார். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல அவற்றுக்குப் பெயரும் சூட்டினார். ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான். 'ஏக' என்பது ஒன்று எனப் பொருள்படும் வடமொழிச் சொல். அலுமினியத்துக்கு ஓரிடம் அடுத்து இருப்பது ஏக-அலுமினியம். தமிழிலும் ஏகம் என்ற சொல் வழங்குவதால், ருஷ்ய அறிஞர் வைத்த அந்தப் பெயர் நம் செவிக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை.

தவறினால் உலகமே சிரிக்கும். தெளிவற்ற சொற்களில் சொல்லியிருந்தால் தப்பிக்க வழியிருக்கும். அவர் எண்களில் சொல்லிவிட்டார்.

நான்கு ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பிரான்சில் லெகோக் தெ புவாபோதிரான் என்பவர் பிரனீஸ் மலைச் சுரங்கத்திலிருந்து வந்த துத்தநாகக் கனிமத்தை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்துகொண்டிருந்தார். அதுவரை யாரும் கண்டிராத ஊதா நிறக் கோடுகள் தெரிந்தன. புதிய தனிமம். அதற்கு அவர் காலியம் என்று பெயரிட்டார். தம் நாட்டின் பழைய இலத்தீன் பெயரான காலியாவை நினைத்து வைத்த பெயர் அது. செய்தியைப் படித்த மெண்டலீவ், இதுவே தாம் சொன்ன ஏக-அலுமினியம் என்று அறிவித்தார். லெகோக்குக்கு அது பிடிக்கவில்லை. மெண்டலீவின் அட்டவணையைப் பார்த்து அவர் காலியத்தைத் தேடவில்லை. தம் சொந்த முயற்சியால் கண்டுபிடித்ததை முன்பின் அறியாத ஒருவர் தம்முடையது என்பதா?

லெகோக் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் கணித்திருந்ததோ 5.9. இதைக் கண்டு மெண்டலீவ் தம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. லெகோக்கின் மாதிரியில் மாசு கலந்திருக்க வேண்டும், தூய்மைப்படுத்தி மீண்டும் அளக்க வேண்டும் என்று எழுதினார். காலியத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர், அதைக் கையில் வைத்திருப்பவருக்குத் திருத்தம் சொன்னார். எவ்வளவு துணிவு! லெகோக் எரிச்சல் அடைந்திருந்தாலும் நேர்மையானவர். உலோகத்தை மேலும் தூய்மையாக்கி மீண்டும் அளந்தார். விடை 5.9. அதை அவரே வெளியிட்டார். இந்த நிகழ்ச்சியில் மெண்டலீவின் துணிவைப் பாராட்டுபவர்கள் லெகோக்கின் பெருந்தன்மையை மறந்துவிடுகிறார்கள்.

காலியம் எளிதில் உருகும் என்பதும் மெண்டலீவ் கூறியிருந்த ஒன்று. அது 29.8 டிகிரி செல்சியசில் உருகுகிறது. உள்ளங்கையில் வைத்தாலே இளகி ஓடும். நம் நாட்டு நண்பகல் வெப்பத்தில் மேசைமேல் வைத்தாலும் அது கட்டியாக இருக்காது.

1879இல் சுவீடனின் நில்சன் ஸ்காண்டியத்தைக் கண்டுபிடித்தார். ஏக-போரானின் எடை 44 என்று மெண்டலீவ் சொல்லியிருந்தார். ஸ்காண்டியத்தின் எடை 45.

மூன்றாவது கட்டம் நிரம்பியதில் ஒரு வேடிக்கை உண்டு. 1886இல் ஜெர்மனியின் பிரைபெர்க் நகரில் விங்க்ளர் என்பவர் புதிதாகக் கிடைத்த வெள்ளிக் கனிமம் ஒன்றைப் பகுத்துப் பார்த்தார். கிடைத்த பொருள்களின் எடையைக் கூட்டினால் நூறு விழுக்காடு வரவில்லை. எத்தனை முறை செய்தாலும் ஏறக்குறைய ஏழு விழுக்காடு குறைந்தது. கணக்கில் வராத அந்த ஏழு விழுக்காட்டைத் தேடியே அவர் ஜெர்மானியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார். அது எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதில் முதலில் மெண்டலீவுக்கே தடுமாற்றம். வேறொரு காலிக் கட்டத்துக்கு உரியதாக இருக்கலாம் என்று எண்ணினார். மற்றவர்கள்தாம் அதை ஏக-சிலிக்கான் என்று இனம் கண்டார்கள். ஆராயும்தோறும் அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய எண்களே வந்தன. அணு எடை 72 என்றிருந்தார், கிடைத்தது 72.3. ஆக்சைடின் அடர்த்தி 4.7 என்றிருந்தார், கிடைத்ததும் 4.7. அதன்பின் ஆவர்த்தன விதியைச் சந்தேகித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

எனினும் அவர் சொன்ன எல்லாமே பலிக்கவில்லை. அவர் முன்னறிவித்த வேறு சில தனிமங்கள் எங்குமே இல்லை. அட்டவணைக்குள்ளேயே ஒரு முள் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. தெலூரியத்தின் எடை 128. அயோடினின் எடை 127. எடைப்படி அயோடின்தான் முன்னால் வர வேண்டும். ஆனால் அயோடினின் இடம் குளோரின், புரோமின் குடும்பத்தில் என்பது எவருக்கும் தெரியும். மெண்டலீவ் எடையைப் புறக்கணித்து, இயல்பைப் பார்த்துத் தெலூரியத்தை முன்னால் வைத்தார். தெலூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று கடைசிவரை நம்பினார். இம்முறை அளந்தவர்களே சரி. தெலூரியம் உண்மையிலேயே அயோடினைவிட எடை கூடியது. அவர் வைத்த இடம் சரி. சொன்ன காரணம் தவறு.

ஆர்கான் வாயு கண்டுபிடிக்கப்பட்டபோதும் அவர் இடறினார். 1894இல் இராலேயும் இராம்சேயும் காற்றிலிருந்து பிரித்த அந்த வாயு எதனோடும் சேரவில்லை. அதன் எடை ஏறத்தாழ 40. பொட்டாசியத்தின் எடை 39. அதை எங்கே வைப்பது? குளோரினுக்கும் பொட்டாசியத்துக்கும் நடுவில் ஒரு குடும்பமே விடுபட்டிருக்கும் என்று மெண்டலீவ் நினைத்ததில்லை. அங்கே அவர் காலிக் கட்டம் விடவில்லை. ஆர்கான் தனிமமே அன்று, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த ஒன்றாக இருக்கலாம் என்று கருதினார். அடுத்தடுத்து ஹீலியம், நியான், கிரிப்டான், செனான் எனச் சுற்றம் முழுவதும் வந்து நின்றபோது அவரும் ஒப்புக்கொண்டார். அவற்றுக்கென்று ஒரு புதிய தொகுதி சேர்க்கப்பட்டது. அணு பிளவுபடும், ஒரு தனிமம் இன்னொன்றாக மாறும் என்ற புதிய கருத்துகளை மட்டும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை. காலியத்தின்போது வெற்றி தந்த அதே பிடிவாதம்தான் இங்கே அவரைப் பின்னுக்கு இழுத்தது.

அட்டவணை ஒன்றே அவருடைய உலகம் என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெய்க் கிணறுகளை ஆராய்வதற்காகப் பாகு நகருக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். 1887இல் சூரிய கிரகணத்தை மேகங்களுக்கு மேலே இருந்து காண்பதற்காக வெப்பக்காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஏறினார். மழையில் நனைந்து கனத்துப்போன பலூனால் இருவரைத் தூக்க முடியவில்லை. பலூனை ஓட்டத் தெரிந்தவர் இறங்கிக்கொண்டார். ஓட்டத் தெரியாத மெண்டலீவ் தனியாகப் பறந்தார்! நடுவானில் வால்வின் கயிறு சிக்கிக்கொள்ள, அவரே மேலேறி அதைச் சரிசெய்து பத்திரமாக இறங்கினார். நீண்ட தாடியும் தலைமுடியும் அவருடைய அடையாளம். ஆண்டுக்கு ஒருமுறைதான் முடி வெட்டிக்கொள்வார்.

1890இல் மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிய மனு ஒன்றை அரசிடம் சேர்க்கக் கேட்டுக்கொண்டார்கள். மெண்டலீவ் அதை அமைச்சரிடம் கொண்டுபோனார். மனு ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. அவர் பேராசிரியர் பதவியைத் துறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணி அத்துடன் முடிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து நாட்டின் எடை, அளவைகள் துறைக்குத் தலைவரானார். மீட்டர், கிலோகிராம் முறை ருஷ்யாவில் இடம்பெற அங்கிருந்து பாடுபட்டார்.

1906ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசுக்கு அவருடைய பெயரைத் தேர்வுக் குழு பரிந்துரைத்தது. சுவீடன் அறிவியல் கழகம் அதை ஏற்காமல் பிரான்சின் மொவசானுக்குப் பரிசை அளித்தது. அடுத்த ஆண்டுக்கு மெண்டலீவ் காத்திருக்கவில்லை. 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், எழுபத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்னதாக இறந்தார். இறுதி ஊர்வலத்தில் மாணவர்கள் தனிம அட்டவணையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

தெலூரியத்தின் புதிரை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் இளைஞர் ஹென்றி மோஸ்லி. 1913இல் அவர் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு முழு எண் உண்டு என்று காட்டினார். அதுவே அணு எண். அணுவின் கருவில் உள்ள மின்னூட்டத்தின் அளவு அது. வரிசையைத் தீர்மானிப்பது எடையன்று, இந்த எண்ணே. தெலூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. மெண்டலீவ் இயல்பை நம்பி வைத்த வரிசை அப்படியே சரியாக இருந்தது. மோஸ்லி இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப் போரில், கலிப்பொலியில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது.

1955இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 101ஆம் தனிமத்தை உருவாக்கியவர்கள் அதற்கு மெண்டலீவியம் என்று பெயர் சூட்டினார்கள். அந்த முதல் சோதனைகளில் அவர்களுக்குக் கிடைத்தவை மொத்தம் பதினேழு அணுக்கள்.

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மெண்டலீவ் தலைமையேற்றிருந்த அளவைகள் நிலையத்தின் பக்கத்தில் ஓர் உயரமான சுவர் உண்டு. அதில் தனிம அட்டவணை ஒன்று பெரிதாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது அறியப்பட்ட தனிமங்கள் சிவப்பு நிறத்திலும், அவருக்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டவை நீல நிறத்திலும் உள்ளன. கீழே, நீண்ட தாடியுடன் நாற்காலியில் அமர்ந்த நிலையில் அவருடைய சிலை இருக்கிறது.